குழாய்க்காலின் நுனி

அந்தக் கண்ணாடிக் குடுவை தினமும் காலையில் சுவரைப் பார்த்துத் திரும்பியிருக்கும். மேலே ஒட்டிய சீட்டு தெரியாது. உள்ளே ஊறிக் கிடக்கும் நட்சத்திர மீனின் முதுகு மட்டும்தான் தெரியும். அறை கூட்டுகிற அம்மாவிடம் இரண்டு முறை எரிந்து விழுந்தேன்.

"சத்தியமா நான் தொடலம்மா. அந்த அலமாரிக்கிட்ட வரவே எனக்குப் பயம்" என்றாள். பயம் எனக்கும்தான். வெளியே சொல்லிக்கொள்வேனா?

கடல் உயிர்களைப் பதப்படுத்தி வைக்கும் இந்த அறைக்கு நான்தான் பொறுப்பு. பவளப்பாறையில் முக்குளித்து அவற்றை எடுத்து வந்தவன் என் அண்ணன். ஒன்றரை வருஷத்துக்கு முன் தனியாக இறங்கியவன் திரும்பவில்லை. மிதவை கட்டிய அவன் வலைப்பை மட்டும் கரை ஒதுங்கியது. அதில் இந்த நட்சத்திர மீன், கூடவே ஒரு சீட்டு: "பாறையின் வெளிச்சரிவு, பன்னிரண்டு மீட்டர் ஆழம்." தேடியவர்கள் நாலு நாள் வெளிச்சரிவைச் சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. மீனை என்ன இனம் என்றுகூடப் பார்க்காமல் குடுவையில் போட்டு, அந்தச் சீட்டையே ஒட்டி மூடினேன். மனசு வரவில்லை.

போன வாரம் இனம் பிரிக்கும் நிபுணர் அம்மா வந்தார். மகா கறார். குடுவையைத் திறந்து, மீனைப் புரட்டி, உருப்பெருக்கியில் குனிந்தார்.

"வெளிச்சரிவா? எந்தப் புண்ணியவான் எழுதினது?"

"ஏன் மேடம்?"

"ஆழத்து மணல்ல ஒண்ணு இருக்கு. அதுவும் இதுவும் பாக்க ஒரே அச்சு. ஆனா அடியில வரிசையா இருக்கிற குழாய்க்கால், அதோட நுனி அதுக்குக் கூரா இருக்கும். இதுக்குப் பாரு, நுனியில உறிஞ்சுற வட்டம் இருக்கு. இது பாறைக்கு உள்பக்கம், கரையோர மணல்லயும் கடல்புல்லுலயும் புதைஞ்சு கிடக்கிறது. வெளிச்சரிவுல இதுக்கு என்ன வேலை?"

எழுதிய புண்ணியவதி நான்தான். ஈரக்கையோடு எழுத முடியாது என்று முந்தின நாளே எல்லாச் சீட்டையும் எழுதிக் கொடுத்துவிடுவேன். இடம் மாறினால் கரையேறியதும் அண்ணன் அடித்துத் திருத்துவான். திருத்தாத சீட்டு சரியான சீட்டு, அதுதான் எங்கள் வழக்கம். அன்றைக்கு வெளியே அலை அதிகம் என்று உள்பக்கம் போயிருக்கிறான், பாவி. திருத்துவதற்கு அவன் கரையேறவே இல்லையே! அது உறைக்காமல், "அடிச்சு எழுதல, அப்போ வெளிச்சரிவுதான்" என்று தேடியவர்களிடம் சாதித்தவள் நான். அறிவு கெட்டவள்.

புதுச்சீட்டு எழுதி ஒட்டினால் முடிந்தது, யாருக்குத் தெரியப்போகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் மறுநாள் காலையில், குடுவை இன்றைக்கும் சீட்டை மறைத்துத் திரும்பியிருக்கும் என்று தோன்றியதும், அறைப் பூட்டில் சாவியைப் போட எனக்குக் கை வரவில்லை. நேரே அண்ணி வீட்டுக்குப் போனேன். பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, அந்தச் சீட்டு தப்பு. நான் முன்னாடியே எழுதி வச்சது. அண்ணன் பாறைக்கு உள்பக்கம்தான் இருந்திருக்கான்."

குழாயை மூடினாள். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை.

"அங்க எவ்வளவு ஆழம்?"

"தண்ணி வத்தினா... இடுப்பளவு."

கையைத் துணியில் துடைத்தாள். காய்ந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"நாலு நாளும் நான் கரையிலதான்டி நின்னேன்" என்றாள். "நடந்தே போய்ப் பாத்திருப்பேனே."