மூடியவனே திறக்கும் கதவு

கேளம்பாக்கத்து உப்பங்கழி ஓரம் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்த நீர்மூழ்கிக் கப்பல், 1986ஆம் வருஷம் மார்கழி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முடிச்சூர் ஏரிக்கரைக்குக் கீழே மனை வியாபாரி சம்பத் கல் நட்டு வைத்திருந்த மனைகளுக்கு நடுவில் மண்ணைப் பிளந்துகொண்டு மேலே வந்து நின்றது. ரோடு வழியாக அது வரவில்லை. வந்திருந்தால் வண்டலூர் ரயில்வே கேட்டிலேயே மாட்டிக்கொண்டிருக்கும். மாம்பாக்கம், கண்டிகை, வண்டலூர், மண்ணிவாக்கம் என்று வழியிலிருந்த கிணற்றுத் தண்ணீரெல்லாம் அந்த வாரம் முழுக்க உப்புக் கரித்தது. மண்ணிவாக்கத்தில் ஒரு வீட்டு வாளியில் உயிரோடு சங்கரா மீன் ஏறி வந்தது; அந்த வீட்டார் அதைக் குழம்பு வைத்துத் தின்றும் விட்டார்கள். ஆக, கப்பல் ஊற்றுக்கண் வழியாகக் கிணறு கிணறாக நீந்தி வந்திருக்கிறது என்று ஊர் முடிவு செய்துகொண்டு, அவரவர் வேலையைப் பார்க்கப் போயிற்று.

எழுபத்தொன்றாம் வருஷ யுத்தத்தின் ஞாபகமாக அந்தக் கப்பலை, ஜனங்கள் டிக்கெட் வாங்கி உள்ளே போய்ப் பார்க்கும் அருங்காட்சியகமாக்குவது என்று மேலே ஏற்கெனவே தீர்மானமாகியிருந்தது. அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். இரண்டு கிரேன் கொண்டுவந்தார்கள். முதல் கிரேனின் கழுத்து வளைந்துபோயிற்று. இரண்டாவது கிரேனின் டிரைவர் அதைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டான். இடம் கேளம்பாக்கம் என்று அடித்திருந்த போர்டில் கேளம்பாக்கத்தை அழித்து முடிச்சூர் என்று எழுதி, விலாவில் ஜனம் நுழைய வழி அறுத்து, இரும்புப் படிக்கட்டு வைத்துப் பொங்கலுக்குத் திறந்துவிட்டார்கள். தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் கண்டக்டர்கள் கப்பல், கப்பல் என்று கூவ ஆரம்பித்தார்கள். பல்லாவரத்திலிருந்தும் செங்கல்பட்டிலிருந்தும் குடும்பம் குடும்பமாகப் புளிசாதம் கட்டிக்கொண்டு வந்தார்கள். கடலில்லாத ஊருக்குக் கப்பல் எப்படி வந்தது என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கக்கூஸ் எங்கே என்றுதான் கேட்டார்கள்.

அது ஏன் வேறெங்கும் போகாமல் அந்த ஒன்றரை ஏக்கரில் வந்து நின்றது என்பது பச்சையம்மா ஒருத்திக்குத்தான் தெரியும். அந்த நிலம் அவள் புருஷன் கேசவனின் பங்கு. கேசவனும் சம்பத்தும் பங்காளிகள். பெரியப்பா மகன், சித்தப்பா மகன். கேசவனுக்கு ஒரு வயசு மூப்பு. தாம்பரத்தில் ஆள் எடுத்தபோது ஒன்றாகப் போய் நின்று, ஒன்றாகக் கடற்படையில் சேர்ந்து, கடைசியில் ஒரே கப்பலில், இதே மகரம் என்ற கப்பலில் வேலைக்குப் போனார்கள். கேசவன் லீவில் வந்தால் கப்பல் சட்டங்களைப் பெண்டாட்டிக்குக் கதையாகச் சொல்வான். நீர் புகுந்த அறையை உடனே கதவடைத்துவிட வேண்டும். எந்தக் கதவையும் மூடியவன்தான் திறக்க வேண்டும், இன்னொருத்தன் கை வைக்கக் கூடாது. உள்ளே மாட்டிக்கொண்டவன் தட்டினால் வெளியே இருப்பவன் பதில் தட்ட வேண்டும். அந்தத் தட்டு கேட்டால்தான் உள்ளே இருப்பவனுக்கு உயிர் நிற்கும். லீவு முடிந்து திரும்பும்வரை கேசவன் தன் வீட்டுக் கதவைக்கூட மூன்று தட்டு தட்டி, கொஞ்சம் பொறுத்து இரண்டு தட்டு தட்டுவான். அவள் உள்ளிருந்து பதில் தட்டிவிட்டுத்தான் தாழ்ப்பாள் எடுப்பாள். கல்யாணமான புதுசு, அதெல்லாம் ஒரு விளையாட்டு.

யுத்தத்தில் எதிரிகள் போட்ட குண்டு கடலுக்கடியில் வெடித்து மகரத்தின் பின்னறையில் தண்ணீர் புகுந்தது. சம்பத் கதவை மூடினான். கப்பலும் அதிலிருந்த மற்றவர்களும் தப்பினார்கள். கேசவன் உள்ளே இருந்தான். மூடியதில் ஒரு தப்பும் இல்லை, அது சட்டம். ஆனால் கப்பல் மேலே வந்து, தண்ணீரை இறைத்த பிறகும் அந்தக் கதவு திறக்கவில்லை. அதிகாரிகள் முன்னால் சம்பத் கதவுச் சக்கரத்தைப் பிடித்து முக்கு முக்கென்று முக்கினான். துறைமுகத்தில் கேஸ் வைத்து அறுக்கப் போனபோது தீ தானாக அணைந்தது. மூடியவனைத் தவிர வேறு கைக்கு அது மசியவில்லை. சரி என்று அந்த அறையை அப்படியே விட்டுவிட்டு மற்ற அறைகளோடு கப்பலை இன்னும் பதினைந்து வருஷம் ஓட்டினார்கள். சம்பத்துக்கு மெடல் குத்தினார்கள்.

மெடலோடு ஊருக்கு வந்தவன் செய்த முதல் காரியம் கேசவனுக்குக் கருமாதி. உடம்பு இல்லாததால் தர்ப்பையில் ஒரு உருவம் செய்து எரித்து, பங்காளி முறைக்குத் தானே மொட்டை போட்டுக்கொண்டான். பச்சையம்மாவைத் தாலியைக் கழற்றச் சொன்னார்கள். உடம்பைக் காட்டுங்க, கழட்டறேன் என்றாள். அவள் பொட்டு வைத்துக்கொண்டு நடமாடியதை ஊர் வாய்க்கு வந்தபடி பேசியது. செத்துவிட்டான் என்று கையெழுத்துப் போடாததால் பென்ஷனும் வரவில்லை. போகட்டும் என்றாள். கருமாதி நடந்த அன்று ஐயர் மந்திரம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஈர வேட்டியோடு சம்பத் எழுந்துபோய் ஏரிக்கரைக்குக் கீழே கேசவன் பங்கை எட்டு வைத்து அளந்துகொண்டிருந்ததை அவள் பார்த்தாள். அது அவன் வியாதி. காலி இடத்தைக் கண்டால் அவனுக்குத் தலை குனிந்துகொள்ளும், உதடு முணுமுணுக்கும், கால் தானாக எட்டுப் போட ஆரம்பிக்கும், காது அடைத்துப்போகும். கல்யாண வீட்டுப் பந்தல், கோயில் திடல், சுடுகாடு, எதையும் விடமாட்டான். குழந்தை குட்டி இல்லாதவன் சொத்து பங்காளிக்குத்தான் என்று ஊரைப் பேசவைத்து அந்த நிலத்தை வாங்கினான். அடுத்த பதினைந்து வருஷத்தில் முடிச்சூர் வயல்களில் பாதி அவன் காலுக்குக் கீழே மனைகளாயின. பச்சையம்மா செங்கல் சூளைக்குப் போனாள், களை எடுக்கப் போனாள், பிறகு தாம்பரம் சானடோரியத்தில் ஏற்றுமதிக் கம்பெனிகள் வந்ததும் சட்டைக்குக் காலர் தைக்கப் போனாள். தான் கண்ணால் பார்க்காத வெள்ளைக்காரன் கழுத்துகளுக்கெல்லாம் காலர் தைத்தாள். ஒவ்வொன்றும் சம்பத்தின் கழுத்துக்கு என்று நினைத்துத் தைத்தால் தையல் நேராக வந்தது.

தன் மனைகளை ஒரு கப்பல் வந்து அடைத்துக்கொண்டதற்கு வேறொருத்தனாக இருந்தால் இடிந்துபோயிருப்பான். சம்பத் மூன்றாம் நாளே மிச்ச மனைகளுக்குக் கப்பல் நகர் என்று பெயர் வைத்தான். இந்தக் கப்பலைக் காப்பாற்றிய வீரன் நானே என்று அருங்காட்சியகக் கமிட்டியில் புகுந்து, ஞாயிற்றுக்கிழமைகளில் மெடலைச் சட்டையில் குத்திக்கொண்டு ஜனங்களுக்குக் கப்பல் வரலாறு சொன்னான். இது குண்டு ஏவும் குழாய், இது பெரிஸ்கோப்பு, இது சமையல்கட்டு, இத்தனை பேருக்கு இவ்வளவுதான் இடம் என்று சொல்லிக்கொண்டே வந்து, பின்னறைக் கதவில் நிற்பான். குரல் தழுதழுக்கும். மூடும்போது உள்ளே யாருக்கும் உயிரில்லை என்பான். பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

முதல் ஞாயிறு பச்சையம்மா டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். டிக்கெட் கிழிக்கும் சின்னப்பன் அவள் தெருக்காரன். உனக்கு எதுக்கு டிக்கெட்டு என்றான், அவள் காசை வைத்துவிட்டுப் போனாள். சம்பத் உயிரில்லை என்று சொல்லி முடித்ததும் கதவுக்குள்ளிருந்து மூன்று தட்டு கேட்டது. கொஞ்சம் பொறுத்து இரண்டு தட்டு. கூட்டத்தில் எல்லாருக்கும் கேட்டது. இதுவும் காட்சியில் ஒரு பகுதி என்று நினைத்துக் கைதட்டினார்கள். சம்பத்துக்கு மட்டும் கேட்கவில்லை, அல்லது கேட்காத மாதிரி அடுத்த அறைக்கு நடந்தான். பச்சையம்மாவுக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பதினைந்து வருஷமாகத் தட்டிக்கொண்டிருக்கிறான் என் புருஷன், இவன் அதன் மேல் நின்று கதை சொல்கிறான். அவள் குனிந்து, கழற்றாத தாலியைப் பிடித்து, அதன் முனையால் கதவில் பதில் தட்டினாள்.

அன்று மத்தியானம் சம்பத் குடித்த காப்பி உப்புக் கரித்தது. பெண்டாட்டியைத் திட்டினான். பிறகு மோர் கரித்தது, சோடா கரித்தது, இளநீர் கரித்தது. அதே சொம்பில் அடுத்தவர் குடித்தால் நல்ல தண்ணீர்; அவன் உதட்டில் பட்டதும் கடல். பச்சையம்மா ஞாயிறு தவறாமல் போய்ப் பதில் தட்டினாள். கூட வந்த ஜனங்களுக்கும் சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தாள். பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் நின்று தட்டிவிட்டுப் போனார்கள். தட்டத் தட்ட அவனுக்குக் கரிப்பு ஏறியது. பூந்தமல்லியில் ஒரு டாக்டர் நாக்கைப் பார்த்தார், திருநீர்மலையில் மொட்டை போட்டான், வேளாங்கண்ணிக்குக்கூடப் போய் வந்தான். கப்பல் நகர் ஆழ்குழாய்களில் எல்லாம் உப்புத் தண்ணீர் வந்து, மனை வாங்கியவர்கள் அவன் சட்டையைப் பிடித்தார்கள். ஒன்பது வருஷத்தில் ஆள் வற்றிக் கருவாடாகிவிட்டான், ஆனால் சாகவில்லை. சாகக்கூடாதே என்பதுதான் பச்சையம்மாவின் கவலை. மூடியவன் செத்துப்போனால் கதவை யார் திறப்பது? அவனுக்குச் சுரம் என்று கேள்விப்பட்டால் கஷாயம் வைத்துக் கொடுத்தனுப்புவாள். ஊர் அவளைத் தங்கமான மனுஷி என்றது.

1996 மே மாதத்தில், தார் உருகும் ஒரு பகலில், சம்பத் அவள் வாசலுக்கு வந்தான். அந்தப் பக்கம் அவன் தலைவைத்துப் படுக்காமல் இருபத்தைந்து வருஷம் ஆகியிருந்தது.

"அண்ணி, ஒரு சொம்பு தண்ணி குடு. உன் கையால குடுத்தா எறங்குதா பாக்கறேன்."

கொடுத்தாள். குடித்தான். குமட்டித் துப்பினான். அவள் சொம்பை வாங்கிக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வா, கதவத் தொற" என்றாள். அவன் மறுக்கவில்லை. அருங்காட்சியகத்துக்கு அன்று வார விடுமுறை. சின்னப்பன் சாவி எடுத்துக் கொடுத்துவிட்டு வெளியே நிழலில் உட்கார்ந்தான். கதவு முன்னால் வந்ததும் உள்ளே மூன்றும் இரண்டும் தட்டியது. சம்பத் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்க்காமலே சொன்னான்.

"மேல வந்தப்புறமும் தட்னான் அண்ணி. நானும் பதில் தட்னேன். தொறக்கத்தான் கை வெச்சேன். அப்பதான் ஏரிக்கரை நெலம் நெனப்புக்கு வந்துச்சு."

பச்சையம்மாவுக்கு இது புதுசல்ல. ஆனாலும் காதால் கேட்டபோது, அவன் குரல்வளையை அங்கேயே கடித்துவிடலாம் போல இருந்தது. தொற என்றாள்.

சக்கரம் எண்ணெய் போட்ட மாதிரிச் சுற்றியது. கதவு திறந்தது. உள்ளே கேசவன் நின்றிருந்தான். அதே இருபத்தேழு வயசு, நீலச் சட்டை, முழங்கால்வரை சேறு. பங்காளியை மேலும் கீழும் பார்த்தான்.

"இன்னாடா சம்பத்து, கதவத் தொறக்க இவ்ளோ நாழியா?"

அவனுக்குப் பின்னால் அறை இல்லை. ஒன்றரை ஏக்கர் நிலம் இருந்தது. கல் நடாத, வரப்புக் கலையாத, அறுவடை முடிந்து தாள் மட்டும் நின்ற, வெயில் அடிக்கிற அசல் நிலம். ஓரத்தில் ஏரி நிறைந்து நின்றது. கேசவன் சேற்றுக் காலோடு இந்தப் பக்கம் தாண்டி வந்தான். சம்பத் அண்ணனைத் தொடவில்லை, காலில் விழவில்லை. அவன் கண் நிலத்தின் மேல் நின்றது. தலை குனிந்தது. உதடு முணுமுணுத்தது. வலது கால் தானாகக் கதவைத் தாண்டி முதல் எட்டை வைத்தது. அப்புறம் இடது கால். எட்டு எட்டாக வரப்போரம் அவன் முதுகைக் காட்டிக்கொண்டு போனான். பச்சையம்மா அவன் பாதி நிலம் போகும்வரை பொறுத்திருந்தாள். பிறகு கதவைச் சாத்தினாள். கேசவன் உதவிக்குக் கை நீட்டினான்; அவள் தட்டிவிட்டு, சக்கரத்தைத் தானே, தன் கையாலேயே கடைசிவரை சுற்றி இறுக்கினாள்.

வெளியே படிக்கட்டில் சின்னப்பன் கேசவனை நிறுத்தி டிக்கெட் கேட்டான். நான் உள்ளயே இருந்தேன் என்றான் கேசவன். அப்போ சரி என்று சின்னப்பன் வழி விட்டான்.

ஜூன் மாதம் பெய்த மழையில் கப்பல் நகர் கிணறுகளில் உப்புப் போயிற்று. கேசவனைப் பார்த்துப் புது ஆட்கள் பச்சையம்மாவின் மகன் என்று நினைத்தார்கள். ரேஷன் கடைக்காரர் மட்டும் பழைய பெயரைத் தேடிப் பார்த்துவிட்டு, வயசுக் கட்டத்தைத் திருத்தாமல் சர்க்கரை அளந்து போட்டார். சம்பத்தை அவன் வீட்டார் கொஞ்ச நாள் தேடினார்கள்; உடம்பு இல்லாமல் கருமாதி செய்யக்கூடாது என்று பச்சையம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது கேசவன் ஜனங்களுக்குக் கப்பல் வரலாறு சொல்கிறான். மெடல் இல்லை, நன்றாகச் சொல்கிறான். பின்னறைக்கு வந்ததும் உள்ளே யாரோ கண்டபடி தட்டுவது கேட்கும். ஒரு முறை மட்டும் கேசவன் அவளிடம் போதாதா என்று கேட்டான்.

"இன்னும் அளந்துகினு கீறான். முடிக்கட்டும்" என்றாள்.

தட்டினால் பதில் தட்ட வேண்டும் என்பது கப்பல் சட்டம். மூடியவர்தான் திறக்க வேண்டும் என்பதும் சட்டம்தான். முதல் சட்டத்தை அவள் ஒரு ஞாயிறுகூடத் தவறவிட்டதில்லை. தாலி முனையால் கதவில் நிதானமாகப் பதில் தட்டுவாள், உள்ளே தட்டுவது வேகமாகும், அது கேட்கும்வரை நின்றுவிட்டு, தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போய்ச் சங்கரா மீன் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.