விருத்தாம்பாள் கை நனைத்த படகு

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எங்கள் கடற்கரையில் குகை கிடையாது. கடலூரில் தொடங்கிப் பிச்சாவரம் வரைக்கும் மணல், சேறு, மறுபடி மணல். குகைக்குப் பாறை வேண்டும். பாறைக்கு நாங்கள் எங்கே போவது?

சென்னையில் சுற்றுலாப் பத்திரிகை நடத்தும் ஒருவரிடம் இதைப் போனில் எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்தேன். "அதெல்லாம் பாத்துக்கலாம் சார். தனியா ஒரு ஸ்பீடு போட் எடுக்கறீங்க, குகை, தீவுன்னு சுத்தறீங்க. வாசகர் அசந்து போயிடணும்" என்றார். அசந்து போயிருந்தது நான்தான். ரிடையர் ஆன கணக்கு வாத்தியார், மூட்டுவலிக்காரன், வருஷத்துக்கு ஒரு கதை எழுதினால் அதிகம். இருந்தாலும் சரி என்றேன். அந்தக் கட்டுரைதான் கெட்டுப்போய் இந்தக் கதையாகியிருக்கிறது. பத்திரிகைக்காரர் மன்னிக்கட்டும்.

2

தொடக்கம் ஒன்று: "சுரபுன்னை மரங்கள் தம் பச்சை விரல்களால் நீரைத் தொட்டு"

(அடித்துவிட்டேன். மரத்துக்கு விரல் வைத்து எழுதுகிற வயசு போய்விட்டது.)

தொடக்கம் இரண்டு: "அன்று தமிழ்ச்செல்வியை எட்டாவது முறையாகப் பெண் பார்த்தார்கள்."

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

தமிழ்ச்செல்வி என் அக்கா ஞானாம்பாளின் மகள். முப்பத்தொரு வயசு. நெல்லிக்குப்பத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வந்து, கடலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். அவள் ஊசி குத்தினால் குழந்தைகூட அழாது என்பார்கள். அப்பா இல்லை. ஆகவே தாய்மாமன் என்கிற முறையில் ஒவ்வொரு முறையும் வாசலில் நின்று "வாங்க, வாங்க" என்று சொல்வது என் வேலை. ஏழு முறை சொல்லியாயிற்று. ஏழு முறையும் "போய்த் தகவல் சொல்றோம்" என்று போனார்கள். தகவல் வராது. மறுநாள் தெருவே வந்து "இன்னா ஆச்சி?" என்று கேட்கும்.

"இனிமே நம்ம வூட்டுல வாணாம்டா மணவாளா. தெருவுக்குப் பதில் சொல்லியே என் உசுரு போவுது" என்றாள் அக்கா.

சிதம்பரம் கோயிலில் தற்செயலாகச் சந்தித்துக்கொண்ட மாதிரி பார்த்துக்கொள்வது என்று முடிவானது. அது ஊரெல்லாம் நடப்பதுதான். அதன்பிறகு பிச்சாவரம் போய் ஒரு தனிப் படகு எடுத்தால் பையனும் பெண்ணும் இரண்டு வார்த்தை பேசிக்கொள்ளலாம் என்று சொன்னது நான். கட்டுரைக்கும் ஆயிற்று பாருங்கள். எனக்கு அவ்வளவு சாமர்த்தியம்.

3

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது. கீழே போட்டால் நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்பதால் இங்கேயே.)

எங்கள் பக்கத்தில், பேசி முடிக்கும்வரை மாப்பிள்ளை வீட்டார் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அதாவது சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டால் சம்மதம் என்று அர்த்தம். காப்பி வரைக்கும் பரவாயில்லை என்கிற வீடுகளும் உண்டு. இந்த எட்டாவது மாப்பிள்ளையின் அம்மா விருத்தாம்பாள் அந்த ரகமில்லை. மூத்த மகனுக்குப் பார்க்கப் போன ஒரு வீட்டில் காப்பி குடித்துவிட்டு, பிறகு வேண்டாம் என்று சொன்னார்களாம். "எங்க வூட்டுல வாய நனைச்சிட்டு இப்ப வாணாமா" என்று அந்தப் பெண்ணின் அம்மா குறிஞ்சிப்பாடி கடைத்தெருவில் நிறுத்திக் கேட்டாளாம். அன்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடத் தொடுவதில்லை. தண்ணீர் பாட்டில் கையோடு வரும்.

என் அக்காவோ ஒவ்வொரு பெண் பார்த்தலுக்கும் கேசரி கிளறுவாள். முடிந்தால் வாய் இனிக்க. முடியாமல் போய், சாயங்காலம் நாங்களே உட்கார்ந்து தின்போம். "எனக்குக் கேசரி வாசனை வந்தாலே வேணான்னுட்டாங்கன்னு தோணுது மாமா" என்று தமிழ்ச்செல்வி ஒருமுறை சொன்னாள். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

அன்றைக்கும் அக்கா மடியில் கேசரி டப்பா இருந்தது.

4

2010, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் பார்த்துக்கொண்டாயிற்று, வழக்கம்போல யாருக்கும் எதுவும் தெரியவில்லை. படகில் ஏறினோம். முன்னால் தமிழ்ச்செல்வியும் மாப்பிள்ளை கொளஞ்சியப்பனும். குறிஞ்சிப்பாடியில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருப்பவர். நடுவில் இரண்டு அம்மாக்கள். பின்னால் நானும், படகு ஓட்டிய ஆரோக்கியராஜும்.

வேகப் படகைப் பற்றி நான் எழுத வேண்டியது: அது வேகமாகப் போகும். இன்ஜின் சத்தத்தில் யார் பேசுவதும் கேட்காது. பையனும் பெண்ணும் பேசட்டும் என்று நான் செய்த ஏற்பாட்டில் பேச்சே கேட்காது என்பது ஏறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

காட்டுக்கால்வாய் ஒன்றின் வாயில் ஆரோக்கியராஜ் இன்ஜினை அணைத்தார். இரண்டு பக்கத்து மரங்களும் மேலே கட்டிக்கொண்டு உள்ளே இருட்டாக இருந்தது. "இதான் சார் குகை. டூரிஸ்டுங்களுக்கு அப்பிடித்தான் சொல்லுவோம். துடுப்புப் படகுதான் உள்ள போவும், நம்பளுது போவாது" என்றார்.

ஆக, என் கட்டுரையின் குகையை நான் வாசலிலிருந்து பார்த்தேன்.

சத்தம் நின்றதால் கொளஞ்சியப்பன் பேசியது எல்லாருக்கும் கேட்டது. "தப்பா எடுத்துக்காதீங்க. எங்கம்மாவுக்கு சுகரு. கூடவே இருந்து பாத்துக்க ஆளு வேணும். நீங்க வேலைய வுட்டுடற மாதிரி இருக்கும்."

தமிழ்ச்செல்வி அவர் பக்கம் திரும்பினாள். "எனக்கு அந்த வேலை புடிக்கும்" என்றாள்.

"புடிக்கும்தான். இல்லன்னு சொல்லல" என்றார் அவர்.

அவ்வளவுதான். அவள் முகத்தை நான் அறிவேன். வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டாள். இந்தத் தடவையாவது வேண்டாம் என்பது எங்கள் பக்கமிருந்து போகும் என்று எனக்கு ஒரு சின்னச் சந்தோஷம்கூட வந்தது.

(கொளஞ்சியப்பனைக் கெட்டவனாக எழுதிப் பார்த்தேன். கதை வேகமாக ஓடியது. ஆனால் அவர் கெட்டவர் இல்லை. பதினோரு இடம் பார்த்துக் களைத்த மனுஷன். நினைத்ததை ஒளிக்காமல் சொன்னார். கெட்டவனில்லாத ஆளை வைத்துக்கொண்டு கதை எழுதுவது எவ்வளவு சிரமம் தெரியுமா?)

5

அடுத்து வருவது எனக்கே நம்பச் சங்கடமாக இருக்கிறது. ஆனால் என்ன செய்ய, நடந்தது.

தீவு காட்டுகிறேன் என்று ஆரோக்கியராஜ் முகத்துவாரம் பக்கம் ஓட்டினார். தூரத்தில் ஒரு திட்டில் தென்னை மரங்கள் தெரிந்தன. அங்கே முன்பு ஊர் இருந்தது. சுனாமி அலை வந்த வருஷத்துக்குப் பிறகு ஜனங்கள் கரைக்குக் குடிவந்துவிட்டார்கள். ஆரோக்கியராஜ் அந்தப் பக்கம் திரும்பவில்லை, நானும் கேட்கவில்லை. அந்த இடத்தில்தான் தண்ணீருக்குள் கிடந்த பழைய வலை இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொண்டது. படகு போய்ச் சேற்றில் உட்கார்ந்தது. தண்ணீரும் வற்றிக்கொண்டிருந்த நேரம். போனில் சிக்னல் இல்லை. ஆரோக்கியராஜ் இடுப்பளவு இறங்கிக் கத்தியால் வலையை அறுக்க ஆரம்பித்தார்.

வெயில் ஏறியது. விருத்தாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். மறுபடி துடைத்தாள். தமிழ்ச்செல்வி திரும்பிப் பார்த்தாள். அவள் எழுந்து வந்த வேகத்தில் படகு ஆடியது.

"காலைல மாத்திர போட்டீங்களா?"

"ம்."

"சாப்பிட்டீங்களா?"

மகன்தான் சொன்னார். "கோயில்ல பாத்துட்டு ஓட்டல்ல சாப்பிட்டுக்கலாம்னு இருந்தோம். நேரா இங்க கூட்டியாந்துட்டாங்க."

கூட்டிவந்தது நான்.

விருத்தாம்பாளின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. ஜாக்கெட் முழுக்க வியர்வை. "சுகர் எறங்குது. இனிப்பு எதனா குடுக்கணும், இப்பவே" என்றாள் தமிழ்ச்செல்வி. ஆரோக்கியராஜிடம் பீடி இருந்தது. என்னிடம் மூட்டுவலி மாத்திரை. கொளஞ்சியப்பன் பையைக் கவிழ்த்தார், தண்ணீர் பாட்டிலும் ஜாதகமும் விழுந்தன.

அக்கா மடியிலிருந்த டப்பாவைத் திறந்தாள்.

விருத்தாம்பாள் அதைப் பார்த்து, நாக்கு குழற, "பேசி முடிக்காம கை நனைக்க மாட்டன்" என்றாள்.

"அம்மா, சாப்புடும்மா" என்று மகன் கெஞ்சினார். ஊட்டப் போன அவர் கையைத் தள்ளிவிட்டாள். பல்லைக் கடித்துக்கொண்டாள். உயிர் போகிற நேரத்தில் சம்பிரதாயமா என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். "சுகர் எறங்குனா இப்பிடித்தான் அடம் புடிப்பாங்க, இது அவங்க பேசற பேச்சு இல்ல" என்றாள் தமிழ்ச்செல்வி. அவள் சொன்னது சரியாகவே இருக்கட்டும். ஆனால் மூளை மங்கின நேரத்திலும் அந்த அம்மாவுக்கு மறக்காமல் மிஞ்சியது கடைத்தெருவில் பட்ட அவமானம்தான்.

தமிழ்ச்செல்வி டப்பாவை வாங்கினாள். விரலால் ஒரு வாய் எடுத்தாள். ஒரு தரம் என்னைப் பார்த்தாள், பிறகு கொளஞ்சியப்பனை, பிறகு யாரையும் பார்க்கவில்லை.

"முடிஞ்சிடுச்சி" என்றாள். "எனக்குச் சம்மதம். வாயத் தொறங்க அத்த."

அதுவரை அம்மா, அம்மா என்றுதான் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அத்தை என்றதும் விருத்தாம்பாள் அவளை நிமிர்ந்து பார்த்தாள், வாயைத் திறந்தாள். டப்பாவில் பாதி காலியாகும்வரை தமிழ்ச்செல்வி ஊட்டினாள். நடுக்கம் நின்றது. கொளஞ்சியப்பன் சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். என் அக்காவும் அழுதாள், அது வேறு அழுகை. அவள் கேசரியை வந்தவர்கள் தின்று அவள் பார்த்தது அதுதான் முதல் தடவை. மீதியை மாப்பிள்ளை தின்றார்.

வலையை அறுத்து, படகைச் சேற்றிலிருந்து தள்ளிவிட்டு ஆரோக்கியராஜ் ஏறி வந்தபோது எங்களைப் பார்த்து, "இன்னாங்க, எல்லாம் நல்ல சேதிதானா?" என்றார்.

6

கரையில் விருத்தாம்பாள் தெளிவாக நின்று, தமிழ்ச்செல்வியின் கன்னத்தைத் தடவி, "வெள்ளிக்கெழம வந்து பூ வெச்சிடறோம்" என்றாள். அத்தோடு அன்றைய சுற்றுலா முடிந்தது.

இனி முடிவு. மூன்று எழுதி வைத்திருக்கிறேன்.

அ) வெள்ளிக்கிழமை பூ வைக்கிறார்கள். தமிழ்ச்செல்வி வேலையை விடுகிறாள். மாமியாருக்கு வேளாவேளைக்கு ரத்தம் சோதித்து, வலிக்காமல் ஊசி போடுகிறாள். (அக்காவுக்குப் பிடித்த முடிவு. அவள் இதைப் படிக்காமலேயே.)

ஆ) பூவோடு வந்த விருத்தாம்பாள் சொல்கிறாள்: "படகுல சொன்னத படகுலயே வுட்டுடும்மா. ஒரு வாய்க் கேசரிக்கு ஒரு பொண்ண எழுதி வாங்கறவ நான் இல்ல." (எனக்குப் பிடித்தது. சங்கடம் என்னவென்றால் அந்த அம்மா இப்படிப் பேசுகிற ஆள் இல்லை. அவள் வாயில் என் நல்ல எண்ணத்தைத் திணித்தால் அதுவும் ஊட்டிவிடுவதுதான்.)

இ) வெள்ளிக்கிழமை விடியும்போது அவள் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, காற்று முகத்தில்

(போதும். பெண்ணை பஸ் ஏற்றிவிடுவது எங்களை மாதிரி எழுதுகிறவர்களுக்குச் சுலபம். எங்கே இறங்குவாள் என்று மட்டும் எழுத மாட்டோம்.)

7

இன்று வியாழக்கிழமை. வேலை முடிந்து நெல்லிக்குப்பம் பஸ்ஸுக்கு நேரமிருந்தால் தமிழ்ச்செல்வி மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டுப் போவது வழக்கம். வந்தாள். மேஜைமேல் கிடந்த தாள்களை எடுத்து, நின்றபடியே முதலிலிருந்து படித்தாள். நான் தடுக்கவில்லை. இரண்டு இடத்தில் சிரித்தாள். மூன்று முடிவையும் படித்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். கால் வீங்கியிருந்தது.

"நல்லாத்தான் மாமா எழுதியிருக்க."

"எந்த முடிவு சரியா வரும்?"

"மூணுலயும் எதனா ஒண்ணு நடக்குது. ஒருத்தர் பூ வெக்கிறாங்க, ஒருத்தர் மன்னிச்சி வுடறாங்க, நான் ஓடிப்போறன்." தாளை மேஜைமேல் வைத்தாள். "படகுல இருந்து இன்னிய வரைக்கும், உனக்கு இன்னா வேணும்னு என்னை ஒருத்தரும் கேக்கல. அம்மா கேக்கல, அவரு கேக்கல. நீ மூணு முடிவு எழுதியிருக்க, நீயும் கேக்கல."

"சும்மா ஒரு அவசரத்துக்குச் சொன்னதுதான, அத போயி"

"அவசரத்துக்குச் சொன்னனா, நெசமா சொன்னனான்னு உனக்குத் தெரியுமா? எனக்கே தெரியல மாமா. அலுத்துப் போச்சு. அந்தம்மா வாயத் தொறந்தப்ப நல்லாவும் இருந்துச்சி. நீ கேட்டன்னா நானும் கொஞ்சம் யோசிச்சிப் பாப்பன்."

கேட்கத்தான் நினைத்தேன். சத்தியமாக. வாயைத் திறந்தேன். வந்தது இதுதான்:

"சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல" என்றாள்.

உடனே நான் பேனாவை எடுத்து இந்த ஏழாவது பகுதியை எழுத ஆரம்பித்துவிட்டேன். அவள் எழுந்து போகவில்லை. ஒரு பஸ்ஸை விட்டுவிட்டாள். எதிரில் உட்கார்ந்து என் கை ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். செருப்பு சொன்னாயே, கால் வீக்கம் சொன்னாயே, இன்னும் எதைச் சொல்லப் போகிறாய் என்கிற மாதிரி. சுவரில் காலண்டர் இருக்கிறது, அதைப்பற்றி நாலு வரி எழுதலாம். குகையைப்பற்றி இன்னும் கொஞ்சம் எழுதலாம். நான் எழுதிக்கொண்டிருக்கிறவரை அவளைக் கேட்க வேண்டியதில்லை.

நீங்கள் மனசுக்குள் ஒரு முடிவு வைத்திருப்பீர்கள். நல்ல முடிவாகவே இருக்கும். அதை அப்படியே வைத்திருங்கள், அவளிடம் கேட்காமல் யாருக்கும் சொல்லாதீர்கள். அவள் எனக்குச் சொல்லப்போகிற பதில் இந்தத் தாளில் வராது.

பேனாவை மூடுகிறேன்.