சந்தைக்குப் போன லட்சுமி

ஓவியர் மாதப்பன், சாமி படங்களுக்குக் கண்ணை மட்டும் கடைசியில், நல்ல நாள் பார்த்துத்தான் எழுதுவார். அந்த நாள் வருவதற்குள் ஸ்டூடியோக்காரன் திம்மராயன், அவர் வரைந்து வைத்திருந்த லட்சுமி ஓவியத்தை அவருக்குத் தெரியாமல் போட்டோ பிடித்தான். பிரதியில் கண்களைத் தானே தீட்டி, நூற்றுக்கணக்கில் படம் போட்டு, ஐம்பத்துநாலாம் வருஷம் குந்தாரப்பள்ளிச் சந்தையில் விற்றுத் தீர்த்தான், பாவி.

ஓவியம் வரையச் சொல்லியிருந்த பண்ணைக்காரி வெங்கடம்மாள், மாதப்பன் கண் எழுதி முடித்ததைப் பார்த்து முகம் சுளித்தாள்.

"இதே லட்சுமி எங்க ஆளுங்க ஊட்டுல எல்லாம் இருக்குது. அந்தக் கண்ணுதான் லட்சணம். அதே மாதிரி மாத்திக் குடுங்க."

ஓவியத்தோடு அவளைப் படம் எடுக்க வந்திருந்த திம்மராயனுக்கு வியர்த்ததிலேயே மாதப்பனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. மாதப்பன் திட்டியிருந்தால் தேவலை. அவர் தூரிகையைத் துடைத்து அவனிடம் நீட்டினார்.

"அது நீ தொறந்த கண்ணு. நீயே எழுதிடு, தம்பி."

மாதப்பன் நல்ல நாள் பார்த்து எழுதிய, இப்போது அவன் அழிக்க வேண்டிய கண்கள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தன.