கும்ஜாவின் ஓட்டைப் பெட்டி

செடி விற்போர் சங்கத் தலைவர் மா டுஷிக்குக்கு அந்தக் குளிர்காலத்தில் ஒரு யோசனை பிறந்தது. அவருக்கு யோசனை பிறந்தால் கூடவே புகைப்படமும் பிறந்துவிடும். யோங்கின் என்ற ஊருக்கு வெளியே இருக்கிற நாற்பது பசுமைக்குடில்களும் இனிமேல் ஒரே மாதிரி தெர்மோகோல் பெட்டியில்தான் செடி அனுப்ப வேண்டுமாம். ஆப்பிள் பெட்டியிலும் அரிசி மூட்டையிலும் விளைவித்தவர் பெயரும் முகமும் இருப்பது போல, செடிப் பெட்டியின் பக்கவாட்டிலும் பொறுப்பாளர் பெயரும் முகமும் இருக்குமாம். பொறுப்பாளர் யார்? வேறு யார். கோட்டு, டை, மார்பில் சங்கச் சின்னம், கையில் மண்வெட்டி. மண்வெட்டி அந்தப் படத்துக்காகவே வாங்கியது. அதன் பிடியில் விலைச்சீட்டு தொங்குவது படத்தில் தெளிவாகவே விழுந்திருந்தது.

மூன்றாம் குடிலில் பெட்டி கட்டுகிற பியோ கும்ஜாவுக்கு அதைப் பார்த்துச் சிரிப்பு வரவில்லை. ஏழு குளிர்காலமாகக் கட்டுகிறாள். அவள் கையால் போன ஒரு செடிகூடக் குளிரில் சாகவில்லை. வாங்கினவர்கள் கடையின் இணையப் பக்கத்தில், 'பெட்டி கட்டிய கைக்குக் கோடி கும்பிடு' என்று எழுதுவார்கள். கை யாருடையது என்று மட்டும் யாருக்கும் தெரியாது.

சங்கக் கூட்டத்தில் அவள் எழுந்து நின்றாள்.

"தலைவரே, பொறுப்பாளர்னா பெட்டி கட்டினவங்க பேரைத்தானே போடணும்?"

பார்லித் தேநீர் உறிஞ்சிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள்.

"ஏம்மா, இன்னிக்கு நீ பேர் கேப்ப. நாளைக்கு டேப் வெட்டுற கத்தி பேர் கேக்கும்."

"கத்தி கேக்காது தலைவரே. அதுக்கு வேலை செய்யத்தான் தெரியும், போட்டோவுக்கு நிக்கத் தெரியாது."

பின்வரிசையில் ஒருவருக்குப் புரை ஏறியது. தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தான் வகுத்த விஞ்ஞான முறையை விளக்கினார். செடி உறையாமல் இருக்க உள்ளே ஒரு சூட்டுப்பை. பெட்டியின் எல்லா விளிம்பிலும் மூன்று சுற்று டேப். காற்று என்ற பேச்சுக்கே இடமில்லை. நெதர்லாந்தில் நேரிலேயே பார்த்தாராம். அங்கே இருந்தது நான்கு நாள். அதில் மூன்று நாள் சுற்றுலாப் பேருந்தில்.

"காத்தே போகலேன்னா பை எப்படிச் சூடாகும்?" என்றாள் கும்ஜா. "உள்ள இருக்கிறது இரும்புத் தூளு. காத்து பட்டாத்தான் அதுக்கு உசிரு. நான் பெட்டியில ரெண்டு ஓட்டை போடுவேன்."

"ஓட்டையா? சோர்வோன் பக்கம் போற பெட்டியில ஓட்டையா?"

சோர்வோன் வடக்கு எல்லை. ஜனவரியில் அங்கே மூக்கொழுகினால் அது பனிக்குச்சியாகத் தொங்கும் என்பார்கள்.

"அங்கயே அனுப்புவோம் தலைவரே. உங்களுது ஒண்ணு, என்னுது ஒண்ணு. ஒரே செடி, ஒரே பை. என்னுது பொழச்சா பெட்டிமேல என் பேரு. செத்துச்சுன்னா இனி வாயே தொறக்க மாட்டேன்."

சோர்வோனில் நூடுல்ஸ் கடை நடத்தும் ஒக்பூன் வெள்ளைத் திட்டு போட்ட மான்ஸ்டெரா இலைச்செடி ஒன்று கேட்டிருந்தாள். அவளுக்கு இரண்டாக அனுப்புவது என்று முடிவானது.

திங்கட்கிழமை கும்ஜா கட்டினாள். வியாழனிலிருந்தே செடிக்குத் தண்ணீர் விடவில்லை. ஈர மண்தான் முதலில் உறையும். இலைகளை மெல்லிய காகிதத்தில் ஒவ்வொன்றாகச் சுற்றி, செய்தித்தாளைக் கூம்பாக்கி உள்ளே நிறுத்தினாள். சூட்டுப்பையைத் தனியே இரண்டு தாளில் பொதிந்து, இலை தொடாத பக்கவாட்டில் ஒட்டினாள். கடைசியாக, தன் சோற்றுப் பெட்டியிலிருந்து சாப்பிடுகிற இரும்புக் குச்சியை எடுத்து, பைக்கு நேராக இரண்டு குத்து.

பக்கத்தில் தன் முகம் போட்ட பெட்டிக்குத் தலைவர் தானே டேப் சுற்றினார். ஒரு முழு உருளை தீர்ந்தது.

அன்று சாயங்காலமே பனி கொட்ட ஆரம்பித்தது. மறுநாள் சேர வேண்டிய வண்டி வழியில் நின்றுவிட்டது. செவ்வாய் முழுக்க கும்ஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. பேச்சில் தோற்றால் துடைத்துப் போட்டுவிடலாம். செடி செத்தால், ஏழு வருஷமாக ஒன்றைக்கூடச் சாகவிடாத கை என்று இனிமேல் சொல்லிக்கொள்ள முடியாதே.

புதன் மதியம் ஒக்பூன் வீடியோவில் வந்தாள். பெட்டி பிரிக்கும்போது படம் பிடிக்காவிட்டால் செடி விற்பவர்கள் எந்தப் புகாரையும் ஏற்பதில்லை; அப்படிப் பிடிப்பது அவளுக்கும் பழக்கம்தான். சங்கக் கூடத்தில் எல்லாரும் திரை முன் குவிந்தார்கள்.

"இங்க மைனஸ் இருபத்திரண்டு டிகிரி. முதல்ல மூஞ்சி இருக்கிற பெட்டி. யாருங்க இது, டேப்புக் கம்பெனி முதலாளியா?" சமையல் கத்தரிக்கோலால் வெட்டிக்கொண்டே இருந்தாள். ஒருவழியாக மூடி திறந்தது. "ஐயய்யோ! கொதிதண்ணில முக்கின கீரையாட்டம் கிடக்குதே! பையும் கல்லு மாதிரி ஜில்லுனு இருக்கு."

தலைவர் டையைத் தளர்த்தினார். கும்ஜா திரைக்கு இன்னும் கிட்டே நகர்ந்தாள்.

இரண்டாவது பெட்டி. தாள் பிரியும் சத்தம் மட்டும் கேட்டது. ஒக்பூன் விரலை மண்ணில் வைத்தாள்.

"அடி ஆத்தி, வெதுவெதுன்னு இருக்குங்க! இலை ஒண்ணுகூட மடங்கல. புதுசா ஒரு சுருள் வேற விரிய நிக்குது. இதை யாரு கட்டினது?"

கூடமே திரும்பி கும்ஜாவைப் பார்த்தது. அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. "நான்தாங்க," என்றாள்.

"இருங்க, இருங்க!" ஒக்பூன் கத்தினாள். "முதல் பெட்டிப் பை இப்பத்தான் சூடாகுது! காத்து பட்டதும் முழிச்சுக்கிச்சு. செடிக்குத்தான் ஆகல, என் முழங்காலுக்காவது ஆகட்டும்."

சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. தலைவர் எழுந்தார். இப்படி ஒரு தவறு நேரக்கூடும் என்பதை உறுப்பினர்களுக்கு உணர்த்தவே தான் அவ்வாறு கட்டியதாக அறிவித்தார். பெருந்தன்மையோடு, தன் படத்துக்குக் கீழே 'கட்டியவர்: பியோ கும்ஜா' என்று சின்ன எழுத்தில் போடவும் சம்மதித்தார்.

"படம் வேணாம் தலைவரே," என்றாள் கும்ஜா. "அந்தப் பக்கம்தான் ஓட்டை விழணும். உங்க கண்ணுல குச்சியை விட எனக்கு மனசு வராது."

படம் போயிற்று.

அடுத்த திங்கட்கிழமை படம் இல்லாத வெள்ளைப் பெட்டிகள் வந்தன. கும்ஜா தடித்த பேனாவை எடுத்து, ஒவ்வொரு மூடியின் மேலும் உள்ளங்கை அகலத்துக்குத் தன் பெயரை எழுதினாள். அடுத்த குடிலில் கட்டுகிறவர்களும் பேனா கேட்டு வந்தார்கள்.

கூரியர் வண்டிக்காரன் பெட்டிகளை ஏற்றிக்கொண்டே படித்துப் பார்த்தான். "அக்கா, இவ்வளவு பெருசா எழுதியிருக்கீங்க. ஒரு செடி செத்தாலும் நேரா உங்களைத்தான் பிடிப்பாங்க."

"பிடிக்கட்டும்," என்றாள் அவள், அடுத்த பெட்டியை நகர்த்தி. "அதுக்குத்தானே எழுதறேன்."