பிரவுனியின் முன்னங்கால்

குதிரையின் வலது முன்னங்காலில் கை வைத்ததுமே மேகலாவுக்குத் தெரிந்துவிட்டது. மூட்டு நேற்றைவிடச் சூடாக இருந்தது. அவள் வீட்டுக்குப் போன பிறகு சாயங்காலம் யாரோ மேலே ஏறியிருக்கிறார்கள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் பதினான்கு வருஷம் தோல் தரம் பிரித்த கை அது. கண்ணுக்குத் தப்பியதை விரல் சொல்லிவிடும். நின்று நின்று அவளுடைய முட்டி இரண்டும் தேய்ந்தபோது, முதலாளி பரணிதரன் அவளை வேலையைவிட்டு நிறுத்தாமல், தன் பங்களாவில் குதிரையைப் பார்த்துக்கொள்ள அனுப்பினார். "உனக்கும் முட்டி, அதுக்கும் முட்டி. நல்ல ஜோடி" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். சம்பளம் தருகிறவர் சிரித்தால் கூடவே சிரிக்கத்தான் வேண்டும். அவளும் சிரித்திருக்கிறாள்.

பிரவுனியை வாங்கியதே ஒரு கூத்து. மற்றவர்கள் குதிரை வாங்கப் போனால் பல்லைப் பார்ப்பார்கள், குளம்பைத் தூக்கிப் பார்ப்பார்கள், நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். மூன்று தலைமுறையாகத் தோல் வியாபாரம் செய்த குடும்பத்துப் பிள்ளை இவர்; முதுகில் உள்ளங்கையை வைத்துத் தடவினார். ஒரு கீறல் இல்லை, உண்ணி கடித்த தடம் இல்லை, என்ன மினுமினுப்பு! அங்கேயே பேரம் முடிந்தது. தோலுக்குள்ளே எலும்பு என்று ஒன்று இருப்பது அந்த வம்சத்துக்கே மறந்துபோயிருந்தது. அப்போது அதற்கு இரண்டு வயதுதான். அன்றைக்கே தன் மகளை மேலே ஏற்றி உட்காரவைத்தார். போட்டிக்காக ஐந்து மாதம் தினமும் குறுக்கே வைத்த கழியைத் தாண்டப் பழக்கினார்கள்.

போன மாதம் நொண்ட ஆரம்பித்ததும் வேலூரிலிருந்து கால்நடை டாக்டர் ஹேமலதா வந்தார். மூட்டை அழுத்திப் பார்த்துவிட்டு முகத்தில் அடித்தாற்போலச் சொன்னார்.

"எலும்பு இன்னும் முத்தவே இல்ல சார். ஒரு வருஷத்துக்கு யாரும் ஏறக்கூடாது."

மேகலாவிடம் வலிக்கு ஒரு பவுடர் டப்பாவைத் தந்தார். "சும்மா நிக்கும்போது மட்டும் குடும்மா. வலி தெரியலன்னா ஓடும். ஓடுச்சுன்னா கால் போய்டும்."

இருபது நாள் காலையும் மாலையும் குளிர்ந்த தண்ணீரை மூட்டில் ஊற்றினாள். வீக்கம் வடிய வடிய, தன் முட்டியே தேறுவதுபோல அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. ஒரே சாயங்காலத்தில் எல்லாம் பாழ்.

பரணிதரன் வந்து நின்றார். "இன்னா மேகலா, ஞாயித்துக்கெழம பெங்களூர்ல போட்டி. இது நொண்டக் கூடாது."

"நேத்து ஏறினதுலயே சூடு ஜாஸ்தியாய்டுச்சு சார். டாக்டரம்மா வேணாம்னு..."

"பவுடர் இருக்குல்ல? போடு. மூணு நாளிக்கிதான?" அவர் குரல் உயரவே இல்லை. "முடியலன்னா சொல்லிடு. மறுபடியும் கம்பெனிக்கே அனுப்பிடறேன். எட்டு மணி நேரம் நிக்கறியா?"

அவர்மேல் வந்த ஆத்திரத்தைவிட அந்த எட்டு மணி நேரத்தின்மேல் இருந்த பயம் பெரிதாக இருந்தது. வெட்கக்கேடுதான். ஆனாலும் பெரிதாகத்தான் இருந்தது.

பவுடரை வெல்லத்தில் பிசைந்து உருட்டிக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் பிரவுனி காலை முழுதாக ஊன்றியது, பிடரியைச் சிலிர்த்தது, துள்ளியது. "சரியாய்டுச்சுப்பா!" என்று கத்திக்கொண்டே மகள் ஏறினாள். பதினோரு முறை கழியைத் தாண்டினார்கள். ஒவ்வொரு முறை கால் தரையில் இறங்கும்போதும் மேகலா கண்ணை மூடிக்கொண்டாள். பரணிதரன் கைதட்டினார்.

மறுநாள் காலை மூட்டு தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. குளம்பு தரையைத் தொடவில்லை. பின்னால் காரிலிருந்து, "போட்டுட்டியா?" என்று பரணிதரனின் குரல் வந்தது. மேகலா குதிரையை நோக்கி நடந்தாள். உருண்டை அவள் கைக்குள் இருந்தது.

அவள் காலடி கேட்டதும் பிரவுனி காதை நிமிர்த்தியது. இந்தக் கை வந்தால் வலி போய்விடும் என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். மூன்று காலில் தத்தித் தத்தி ஆசையாக வந்தது. இறுக மூடியிருந்த அவள் கையை முகர்ந்து, ஈரமான உதட்டால் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கியது.