எர்மெக்கின் ரப்பர் இதயம்

டாக்டர் சபர்பெக்குக்கு வாய்தான் எதிரி. நான் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அச்சிட்டு, கழுவி, காயவைத்துக் கொண்டுபோன ரப்பர் இதயத்தைக் கையில் எடுத்தவர், பிள்ளையின் அம்மா எதிரிலேயே, "அடடா, எவ்வளவு அழகா வந்திருக்கு!" என்று சொல்லிவிட்டார். கிர்கிஸ்தானின் நாரின் மலைப்பக்கம் பிறந்த மனுஷன். பச்சைப்பிள்ளையை அழகு என்று சொன்னால் கண்பட்டுவிடும் என்பது கிர்கிஸ்காரருக்குத் தெரியாதா என்ன?

நூரிஸா எழுந்துவிட்டாள். அவளுடைய நாலு வயது மகன் எர்மெக்கின் இதயம் அது. ஸ்கேனைப் பார்த்து அதே அளவில், அதே ஓட்டையோடு செய்தது. மறுநாள் ஆபரேஷன். அவள் இன்னும் சம்மதம் சொல்லியிருக்கவில்லை.

"என் புள்ள நெஞ்சுக்குள்ள இருக்கறதப் போயி அழகுன்னுட்டீங்களே, அண்ணே! நாங்க ஊருக்கே போறோம்."

டாக்டர் முகம் வெளுத்தது. சட்டென்று இதயத்தின் மேல், "தூ, தூ, தூ" என்றார். "கோணல்மாணலா இருக்கும்மா. நாய்கூட மோந்து பாக்காது. மீரிம், நீயும் திட்டு!"

என் கைவேலையை நானே திட்டுவதா? எச்சிலை விழுங்கிக்கொண்டு, "அவிச்ச பீட்ரூட்டு மாதிரி இருக்கு," என்றேன்.

நூரிஸாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உட்கார்ந்தாள். இரண்டு கையாலும் இதயத்தை வாங்கித் தடவிப் பார்த்தாள். டாக்டர் காட்டிய ஓட்டையில் அவள் சுண்டுவிரல் நுனி நுழைந்தது. அப்படியே அழுதாள்.

"இன்னிக்கு இத வெட்டி, தச்சுப் பாப்பேன்மா. தப்பு வந்தா இதுல வரட்டும்," என்றார் டாக்டர்.

"நாளைக்கு பயமில்லாம பண்ணுவீங்களா?"

"பயம் இருக்கும். வழி தெரிஞ்சிருக்கும்."

அவர் கையை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. வெறும் ரப்பர்தான், வேண்டுமானால் இன்னொன்று அச்சிடலாம் என்று சொல்ல நினைத்தேன்.

வெளியே தாழ்வாரத்தில் எர்மெக் பந்தை விரட்டிக்கொண்டு நாலடி ஓடினான். உதடு நீலம் பாரிக்க, அங்கேயே குந்தி உட்கார்ந்து மூச்சு வாங்கினான். பந்து உருண்டு போய்க்கொண்டே இருந்தது. திறந்திருந்த கதவு வழியாக நூரிஸா அதைப் பார்த்தாள்.

இதயத்தை டாக்டரின் உள்ளங்கையில் வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை. அவரும் இழுக்கவில்லை, இன்னொரு கையில் கத்தியோடு காத்திருந்தார்.