தாலி எடுத்த தந்தி

இன்பசேகரன் பி.ஏ. எங்கள் தபாலாபீசுக்கு வேலைக்கு வந்த புதிதில் அவனைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதை மறைத்து என்ன ஆகப்போகிறது? நான் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த கையோடு வேலையில் சேர்ந்தவன். அவன் மதராஸ் காலேஜில் நாலு வருஷம் படித்துவிட்டு வந்தவன். வயதும் ஒன்றுதான், சம்பளமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் அவன் வாயைத் திறந்தால் "எங்க காலேஜ்ல..." என்று ஆரம்பித்துவிடுவான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துப்போயிருந்தது.

கீழ்த்திருப்பதியில் ஒரு சந்துக்குள் இருந்த சின்ன ஆபீஸ் அது. போஸ்ட்மாஸ்டர் ரங்கையா, நான், அவன், தபால் கொண்டுபோக ஓர் ஆள். மலைக்குப் போகிற கூட்டமும் மலையிலிருந்து இறங்குகிற கூட்டமும் ஜன்னலில் வந்து முட்டும். அந்தக் கூட்டத்தைப் பார்த்து இவன், "தயவுசெய்து வரிசையில் வாருங்கள்" என்று பிரசங்கம் மாதிரிச் சொல்லுவான். வரிசையாவது ஒன்றாவது! சனிக்கிழமை அரைநாள் லீவு கிடையாதா என்று ரங்கையாவிடமே போய்க் கேட்டான். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "ஏமய்யா பி.ஏ., டென்னிஸ் ஆடப் போவணுமா?" என்றார். நான் ஸ்டாம்புப் பெட்டிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தேன்.

ஆனால் அந்த வேலை போனால் அவனுக்கு நாதியில்லை என்பதும் எனக்குத் தெரியும். அப்பா இயேசுதாசன் சித்தூரில் மிஷன் பள்ளிக்கூட வாத்தியார், பார்வை மங்கி வேலையை விட்டவர். வீட்டில் சம்பாதிக்கிற ஆள் வேறு கிடையாது. பி.ஏ. பட்டத்தை வைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்து, தந்தி அடிக்கப் பழகி, கடைசியில் கிடைத்த வேலை இது. புரொபேஷன் முடிய ஒரு மாசந்தான் பாக்கி. அதற்குள் ஒரு புகார் சித்தூர் சூப்ரண்டுக்குப் போனாலும் சீட்டுக் கிழிந்துவிடும்.

அப்படி இருக்கும்போதுதான் ஒரு புதன்கிழமை அம்சவேணி வந்தாள். நான் எதிர்க் கடையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். நடந்ததை அவனே பிறகு சொல்லித் தெரிந்துகொண்டேன். நகரிக்குப் பக்கம், விஜயபுரம் தாண்டி ஒரு கிராமம் அவளுக்கு. புருஷன் சம்பத்துக்குப் போன வருஷம் விஷ ஜுரம். பிழைத்தால் மலைக்கு வந்து அவனுக்கு மொட்டை போட்டு, கழுத்துத் தாலியைக் கழற்றி உண்டியலில் போடுவதாக வேண்டிக்கொண்டிருந்தாள். புருஷன் உயிருக்காக அப்படி வேண்டிக்கொள்கிற பெண்கள் உண்டு. தாலியைப் போட்டுவிட்டு மஞ்சள் கயிறு கட்டிக்கொள்வார்கள், ஊருக்குப் போய்ப் புதுத் தாலி செய்துகொள்வார்கள்.

"எங்க நைனாவுக்கு ஒரு தந்தி அடிக்கணும்" என்றாளாம், வாயெல்லாம் பல்லாக. "வேண்டுதல் நல்லபடியா முடிஞ்சிடுச்சி, அவருக்கு மொட்ட போட்டாச்சி, தாலிய உண்டியில போட்டுட்டேன்னு எழுது. மல ஏறி எறங்கினதுல அவருக்குக் காலு வீங்கிக்கினு கீது, அதனால நாளைக்கு வரல. வெள்ளிக்கெழம டேசனுக்கு வண்டி அனுப்பச் சொல்லு."

குறைந்த கட்டணத்துக்கு இத்தனை வார்த்தைதான் என்று தந்தியில் கணக்கு உண்டு. கூடினால் காசும் கூடும். இவன் காலேஜில் ஒரு பக்கத்தை மூன்று வரியாகச் சுருக்கிப் பரிசு வாங்கியவன். கை சும்மா இருக்குமா? பாவம், ஏழைப் பெண்ணுக்குக் காசு மிச்சமாகட்டும் என்கிற நல்ல எண்ணமும் இருந்தது. மொட்டைக்குப் பதிலாகச் 'சடங்கு' என்று போட்டான். உண்டியல் அநாவசியம் என்று வெட்டினான். கால் வீக்கத்தையும் வெட்டினான். இங்கிலீஷில் எட்டே வார்த்தை. விஜயபுரம் பக்கத்துப் பள்ளிக்கூட வாத்தியார் அதை விளக்கு வெளிச்சத்தில் தமிழ்ப்படுத்தியது இப்படி:

"புருஷன் காரியம் முடிந்தது. தாலி எடுத்தாயிற்று. வெள்ளிக்கிழமை வண்டி அனுப்பு."

வாத்தியாரைக் குற்றம் சொல்லமாட்டேன். வேறு எப்படிப் படிப்பார்? எதிரே சிரித்துக்கொண்டு நிற்கிற பெண்ணைப் பார்த்துக்கொண்டே எழுதினான் இவன். அந்தச் சிரிப்பு கம்பி வழியாகப் போகுமா?

மறுநாள் மத்தியானம் சந்து முனையிலேயே ஒப்பாரி கேட்டது. ஒரு பெரியவர், அவர் பின்னால் மாரில் அடித்துக்கொண்டு ஓர் அம்மாள், கோடித் துணி மூட்டையோடு இரண்டு உறவுக்காரர்கள். வெள்ளிக்கிழமை வரைக்கும் யார் காத்திருப்பார்கள்? காலை வண்டியைப் பிடித்து ரேணிகுண்டாவில் மாறி வந்துவிட்டார்கள். மகள் எங்கே தங்கியிருக்கிறாள் என்று தெரியாது. தந்தி வந்த இடம் ஒன்றுதான் தெரியும்.

"எம் மருமவன எங்கடா போட்டு வெச்சிக்கீறீங்க?" என்று அந்த அம்மாள் செங்கம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அலறினாள். பெரியவர் நாதமுனி, அம்சவேணியின் அப்பா, தந்திக் காகிதத்தை உள்ளே நீட்டினார்.

இன்பசேகரன் வாங்கிப் படித்தான். தான் எழுதியதை இன்னொருத்தர் கண்ணால் அப்போதுதான் படித்தான். முகத்தில் ஈயாடவில்லை.

"அவர் சாவலைங்க" என்றான். "நான் எழுதினதுதான் தப்பு. அவர் நல்லாத்தான் இருக்கார்."

நாதமுனி கம்பிக்குள் கையை விட்டு அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தார். ரங்கையா ஓடிவந்து விடுவித்தார். "போய் அவங்களக் கூட்டினு வாங்கடா, பரிகெத்தண்டி, ஓடுங்க!" என்று எங்களை விரட்டினார். இரண்டு பேரும் ஓடினோம். எனக்கு வந்த கோபத்தில் வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே ஓடினேன். காலேஜில் தப்பு செய்தால் சிவப்பு மையில் ஒரு கோடு, அதோடு சரி. இங்கே அது ரயிலேறி மாரில் அடித்துக்கொண்டு வந்து நிற்கிறது! மூச்சு வாங்க நின்றபோது, "நகரியில தந்திய வாங்கினவன் தப்பா வாங்கிட்டான்னு சொல்லிடு. யாரு பாக்கப் போறா?" என்றேன். அவன் எனக்கு முன்னால் ஓடினான்.

தந்திப் பாரத்தில் அம்சவேணி கொடுத்திருந்த விலாசம் குளக்கரைச் சத்திரம். அங்கே சம்பத் ஜம்மென்று உட்கார்ந்து புளியோதரை தின்றுகொண்டிருந்தான். மொட்டைத் தலையில் சந்தனம். உயிரோடு இருக்கிற ஒருவனைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது என் ஆயுசில் அன்றைக்குத்தான்.

ஆபீஸ் வாசலில் மருமகனைக் கண்டதும் செங்கம்மா அவன் மொட்டைத் தலையை இரண்டு கையாலும் தடவித் தடவி அழுதாள். அழுது முடித்து, "ஊரே உனக்கு அழுவுது, நீ இங்க துன்னுக்கினு கீறியா?" என்று அவனையே வைதாள். அம்சவேணிதான் அழவில்லை. விஷயம் விளங்கியதும் நேராக இன்பசேகரனிடம் வந்தாள்.

"இவரு உசுருக்காவத்தான் எந்தாலியக் கயட்டிக் குடுத்தேன். நீ ஒரு நிமிசத்துல சாவடிச்சிட்டியே! எங்காத்தா ராவெல்லாம் அழுதாங்களே, அந்த அழுவ எம் புருசன் மேல வுழாதா?"

அவன் தலை குனிந்து நின்றான்.

"புகாரு எழுதணும்" என்றார் நாதமுனி. ரங்கையா தண்ணீர் கொடுத்தார், சமாதானம் சொன்னார், பெருமாளை இழுத்தார். ஒன்றும் எடுபடவில்லை. வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுக்கிற ரைட்டர் எப்போதோ பாயைச் சுருட்டிக்கொண்டு கம்பி நீட்டியிருந்தார். ஆபீசை எதிர்த்து எழுதினால் நாளைக்கு எந்த வாசலில் உட்காருவார்?

"சூப்ரண்டுக்கு இங்கிலீசுல எழுதறவன் இங்க எவன் கீறான்?" என்று நாதமுனி கத்தினார்.

"நான் எழுதித் தரேங்க" என்றான் இன்பசேகரன்.

நான் மேஜைக்கு அடியில் அவன் காலை ஓங்கி மிதித்தேன். ரங்கையா தெலுங்கில் ஏதோ முனகினார். அவன் காகிதத்தை எடுத்து, "சொல்லுங்க" என்றான். பெரியவர் சொன்னார். ராத்திரி தந்தி வந்தது, ஊர் கூடியது, செங்கம்மா மூர்ச்சை போட்டு விழுந்தது, கோடித் துணி வாங்கியது, வண்டியில் வந்த அவமானம், எழுதினவனுக்கு மூளை இல்லை என்பது எல்லாம். சொன்ன எதையும் அவன் விடவில்லை. எழுதி முடித்து ஒவ்வொரு வரியாகத் தமிழில் படித்துக் காட்டினான். மூளை இல்லை என்ற இடத்தையும் குரல் இறங்காமல் படித்தான்.

நாதமுனி அவனை உற்றுப் பார்த்தார். "இத்த அனுப்பினா உனக்கு இன்னா ஆவும்?"

"வேலை போகும்னு நினைக்கிறேன்."

"தெரிஞ்சிதான் எழுதினியா?"

"நீங்க சொல்றத எழுதறதுதான் என் வேலைங்க. நேத்து நான் அதைச் செய்யல."

இந்த இடத்தில் பெரியவர் மனமிரங்கிக் காகிதத்தைக் கிழித்துப்போட்டார் என்று நினைக்கிறீர்களா? கிழிக்கவில்லை. பேனாவை வாங்கித் தெலுங்கில் கையெழுத்துப் போட்டார். அந்தப் பக்கத்துத் தமிழர்கள் படித்ததெல்லாம் தெலுங்குப் பள்ளிக்கூடம். ஸ்டாம்பு வாங்கினார். இன்பசேகரனே ஒட்டி, முத்திரை குத்தி, சித்தூர்ப் பையில் போட்டான். குத்தும்போது அவன் கண் கலங்கியிருந்தது. எனக்குப் பெரியவர் மேல் வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. பிறகு சித்தூரிலிருந்து ஆர்டர் வந்தது. ஆறு மாசம் புரொபேஷனை நீட்டியிருந்தார்கள். வேலை தப்பியது. காரணம் ஒன்றும் எழுதவில்லை. ஆனால் அன்றைக்கு அது எங்கள் யாருக்கும் தெரியாது. வேலை போனது போனதுதான் என்றுதான் இருந்தோம்.

அவர்கள் படி இறங்கப் போகும்போது செங்கம்மா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, அங்க வூட்ல இன்னும் அழுதுக்கினு இருப்பாங்களே!"

நாதமுனி திரும்பி வந்தார். ஊருக்கு உடனே ஒரு தந்தி போயாக வேண்டும். நான் முந்திக்கொண்டு தந்திப் பாரத்தை எடுத்தேன். நாலு பேருக்குப் புரிகிற மாதிரி நானாவது எழுதுவேனே!

"நீ நவுரு" என்றார் என்னிடம். இன்பசேகரனைக் கையால் காட்டினார். "அவன் எழுதட்டும்."

அவன் என்னிடமிருந்து பாரத்தை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். அவர் சொல்லச் சொல்ல எழுதினான். சம்பத் உயிரோடு சுகமாக இருக்கிறான், முதல் தந்தி தப்பு, எல்லாரும் நாளைக்கு வருகிறோம். படித்துக் காட்டிவிட்டு, உடனே தந்திக் கருவிப் பக்கம் போகாமல், அவர் முகத்தைப் பார்த்தான்.

"இது அங்க போனதும் வீட்ல என்ன நினைப்பாங்க?" என்று கேட்டான்.

நாதமுனி காசை எண்ணி ஜன்னலில் வைத்தார்.

"தந்தின்னதும் மறுபடியும் அழுவாங்க. வாத்தியாரு படிச்சா நிறுத்துவாங்க. அடி."